அவன் செய்தது சரியா?

அந்தப் படம் வந்து ஒரு வாரத்துக்குள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கட்சி அதைத் தூக்கப் படம் என்றது. இன்னொரு கட்சி கனவுப் படம் என்றது. இரண்டு கட்சியிலும் தூங்கினவர்கள் உண்டு, அழுதவர்களும் உண்டு என்பது டார்ச் ஒருவருக்குத்தான் தெரியும். இருட்டில் யார் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார், யார் சத்தம் வராமல் மூக்கை உறிஞ்சுகிறார் என்று பார்க்கிற இடத்தில் நிற்பவர் அவர். ஆனால் வெளியே மூச்சுவிட மாட்டார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

டார்ச் என்று யாராவது பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? ஊரில் இருக்கிற ஒரே தியேட்டரின் வாசலில் இருபத்தாறு வருஷமாக டிக்கெட் கிழிக்கிறவர் அவர். தாமதமாக வருகிறவர்களை இருட்டில் கூட்டிக்கொண்டு போய், யார் காலையும் மிதிக்க விடாமல், சரியான நாற்காலியில் வெளிச்சத்தை அடித்து உட்காரவைப்பதில் மன்னன். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். ஐம்பத்து மூன்று வயது. வம்புதும்புக்குப் போகாத மனுஷன். எதிராளி பேச வாயெடுத்து முடிப்பதற்குள் "சரிதான்" என்று சொல்லிவிடுவார். அதனாலேயே ஊரில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது.

படம் என்ன படம் என்று சொல்லிவிடுகிறேன். ஒருவன், ஒருத்தி, ஒரு வீடு. வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. குடியிருக்கிறவர்களுக்கே கவலை இல்லை என்றால் நமக்கென்ன. அவள் வாயசைக்கிறாள், சத்தம் வருவதில்லை. பத்து நிமிஷம் கழித்து அவன் முகம் கழுவும்போது, அவள் பேசினது குழாயில் வருகிறது. சமையலறையில் ஒரு குதிரை நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒருநாள் அவள் துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற சட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்து போய்விடுகிறாள். அவன் ஒரு விளக்கை ஏற்றி மேசை மேல் வைத்துவிட்டு உட்காருகிறான். உட்கார்ந்தே இருக்கிறான். விளக்கு சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் திரை கும்மிருட்டாகிறது. டார்ச் போய்க் கதவைத் திறப்பார், ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவார்கள்.

வெளியே வந்ததும் கேன்டீனில் பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடும். தூக்கக் கட்சிக்குத் தலைவர் எதிர்க்கடை மருந்துக்கடைக்காரர். அவருக்குக் குதிரை தொண்டையில் சிக்கிக்கொண்டது. குதிரைக்கு என்ன அர்த்தம் என்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் பிடித்து உலுக்கினார். கனவுக் கட்சிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். லேப் பெண் என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவள் நான்கு தடவை வந்து நான்கு தடவையும் அழுதாள். இன்டர்நெட்டிலும் இதே அடிதடிதான், கடைசியில் அந்த ஆள் செய்தது சரியா தப்பா என்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறது என்றாள். ஒன்றாக வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, இடைவேளைக்குப் பிறகு ஆளுக்கொரு வரிசையில் போய் உட்கார்ந்ததை டார்ச்சே பார்த்தார். இப்படிச் சண்டை போட்டே படத்தை மூன்று வாரம் ஓட்டிவிட்டார்கள்.

இரண்டாவது வாரம் ஒருநாள் மருந்துக்கடைக்காரர், பெண்டாட்டி போய்விட்டால் தேடிக்கொண்டு போக வேண்டாமா, விளக்கை ஏற்றிவைத்துவிட்டு மரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறானே, அவன் என்ன ஆம்பளை என்று ஒரே போடாகப் போட்டார். வழக்கம்போல டார்ச் சரிதான் என்று சொல்லப் போகிறார் என்று எல்லாரும் இருந்தார்கள்.

"காத்துக்கிட்டு இருக்கறதும் ஒரு வேலைதான் சார்," என்றார் டார்ச்.

கேன்டீன் அக்கா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷன் மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

மனுஷன் ஏன் பேசினார் என்றால், அவர் வீட்டிலும் ஆள் இல்லை. மனைவி போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடக் காலில் விழுந்தாவது கூட்டி வந்திருக்கலாம். அவளுடைய அக்கா ஒன்பது மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், தனிக்கட்டை. அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று ஒரு மாதம் துணைக்குப் போனாள். ஒரு மாதம் மூன்றானது. அக்கா தேறி, மறுபடியும் நைட் டூட்டிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். இவளோ அதே ஆஸ்பத்திரியில் சலவைத் துணிகளை எண்ணி அடுக்குகிற அறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் அதையும் சொல்வதை விட்டுவிட்டாள்.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். இப்போது டார்ச் மட்டும் இருந்தார். காலையில் கை தன்பாட்டுக்கு இரண்டு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் வைத்துவிடும். ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, இன்னொன்றையும் அவரே ஆறினபிறகு குடிப்பார். கட்டிலில் அவள் படுக்கிற பக்கம் போர்வை மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் தூக்கத்தில்கூட அந்தப் பக்கம் புரளவில்லை. அவள் சீப்பில் சுற்றியிருந்த இரண்டு முடியை எடுத்துப் போட மனசு வரவில்லை. அவள் வேண்டும். வீட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே நடக்கிற அந்தச் சத்தம் வேண்டும். இவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் போன் பண்ணுவாள். சாப்பிட்டீர்களா, மழை பெய்கிறதா, மோட்டார் சரியாகிவிட்டதா. உப்புச்சப்பில்லாமல் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். எப்போது வருகிறாய் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரை அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா. அப்படியே எட்டு மாதத்தை ஓட்டியிருந்தார்.

அந்த நிலைமையில் வந்து சேர்ந்தது படம். முதல் நாள் பகல் காட்சியில், அந்த ஆள் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு உட்கார்ந்தபோது, பின்சுவரில் சாய்ந்து நின்ற டார்ச் நிமிர்ந்து நின்றார். இது நம்மாளு என்று தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு தினம் மூன்று காட்சி, மூன்று தடவை அந்த விளக்கைப் பார்த்தார். தண்ணீரும் குதிரையும் அவருக்கும் விளங்கவில்லைதான். விளக்கு விளங்கியது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போனில் மழை, மோட்டார் எல்லாம் முடிந்த பிறகு அவள் வைக்கவில்லை. தானும் அக்காவும் புதன்கிழமை மத்தியானம் அந்தப் படத்துக்குப் போயிருந்தோம் என்றாள். டார்ச்சுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தியேட்டர்காரன் பெண்டாட்டி என்றுதான் பேர். இருபத்தாறு வருஷத்தில் அவள் பார்த்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எப்படி இருந்தது என்று கேட்டார். அக்கா குறட்டை விட்டாளாம்.

"நீங்க தினம் மூணு வேளை பாக்கறீங்களே," என்றாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. "ஒண்ணு கேக்கறேன். கடைசியில அவன் செஞ்சது சரியா?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. நேராகச் சொல்ல வராததை எல்லாம் அந்த ஆள் தலையில் ஏற்றிச் சொல்லிவிடலாம்.

"சரிதான்," என்றார். அதோடு நிற்காமல் மேலே சொன்னார். "அவன் எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

"அப்படியா" என்றாள். அக்கா கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அழுகையை அடக்க முடியாமல் வைத்துவிட்டாள் என்று டார்ச் நினைத்துக்கொண்டார், பாவம். அன்றைக்கு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனசைத் திறந்து சொல்லியாயிற்று, விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த வாரம் முழுக்க வீட்டை ஒழித்தார். பரணைத் துடைத்தார். அவள் பக்கத்துப் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடியும் அதே மடிப்பில் மடித்து வைத்தார். மருந்துக்கடைக்காரரே கூப்பிட்டு, என்ன டார்ச், முகத்தில் ஒரே களையாக இருக்கிறதே என்று வம்புக்கு இழுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. இவர் பண்ணினார், மணி அடித்து ஓய்ந்தது. திங்கள், செவ்வாய், புதன். கிணற்றில் போட்ட கல். அவ்வளவு நல்ல வார்த்தையைச் சொல்லியும் ஒருத்தி ஏன் பேச்சை நிறுத்துவாள்?

வியாழக்கிழமை பகல் காட்சிக்கு ஒரு மருந்துக் கம்பெனி ரெப் வந்திருந்தான். கழுத்தில் டை, கையில் தோல் பை, ஊர் ஊராகச் சுற்றுகிற பிழைப்பு. படம் முடிந்து, டார்ச் கதவைத் திறந்து, எல்லாரும் எழுந்து வந்தபிறகும் அவன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இவர் கிட்டப் போனார்.

"அண்ணே, மிச்சப் படம் எங்க?" என்றான்.

எந்த மிச்சம் என்று டார்ச் கேட்டார். நகரத்தில் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவனாம் அவன். பிடித்துப்போய், இங்கே போஸ்டரைப் பார்த்ததும் மறுபடியும் நுழைந்திருக்கிறான். இருட்டு வந்து ஒரு நிமிஷம் கழித்துத்தானே கடைசி சீன், அதற்குள் எதற்காகக் கதவைத் திறந்தீர்கள் என்று அவன் கேட்டபோது டார்ச்சின் முகத்தில் ஈயாடவில்லை.

என்ன நடந்திருக்கிறது என்றால், அந்தத் தியேட்டரில் ஒரு பழக்கம். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நேரம் குறைவு. அதனால் கதை முடிந்து திரை இருட்டானதும் டார்ச் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்துவிடுவார். வெளிவெளிச்சம் உள்ளே விழுந்ததைப் பார்த்ததும் மேலே ஆபரேட்டர் ஹால் விளக்கைப் போட்டுப் படத்தை நிறுத்திவிடுவார். நடித்தவர்கள் பெயர் ஓடுவதை அந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் பார்த்ததே கிடையாது. ஆபரேட்டர் டார்ச்சின் கதவை நம்பினார், டார்ச் திரையின் இருட்டை நம்பினார். இருபத்தாறு வருஷமாக இந்த ஏற்பாடு பிசகியதில்லை. எல்லாப் படமும் இருட்டானால் முடிந்துவிடும். இந்தப் படம் மட்டும், இருட்டான பிறகும் பாக்கி வைத்திருந்தது. இருபத்தொரு நாள், அறுபத்தோரு காட்சி, முடிவைப் பார்க்காமலேயே ஊர் முடிவைப் பற்றி அடித்துக்கொண்டிருக்கிறது.

ஆபரேட்டரிடம் ஓடினார். இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி காட்டியது உண்மைதான், பேர் ஓடுகிறது என்று விட்டுவிட்டேன் என்று அவர் தலையைச் சொறிந்தார். மேனேஜருக்கு விஷயம் போனதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல இருந்துவிடுங்கள், இன்னும் ஆறு நாளில் படத்தை மாற்றுகிறோம் என்றார். டார்ச் அதற்குச் சரிதான் என்று சொல்லவில்லை. மூன்று மணிக் காட்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கடைசித் துண்டை ஒரு தடவை போடச் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும் என்றார். அவர் கேட்ட விதத்தில் மேனேஜருக்கு மறுக்கத் தோன்றவில்லை.

காலி அரங்கத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, டார்ச் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நாற்காலி தள்ளி ரெப். அன்றைக்கும் படத்துக்கு வந்து, வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்த லேப் பெண்ணும் வந்து உட்கார்ந்துகொண்டாள். விளக்கு சிறுத்தது. இருட்டானது. கதவு திறக்கவில்லை.

இருட்டுக்குள் தண்ணீரில் நடக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக வெளிச்சம் வந்தபோது அவள் வீட்டுக்கு வெளியே நின்றாள். கூந்தல் எல்லாம் ஈரம். கதவைத் தட்டினாள். உள்ளே அந்த ஆள் தலையைத் தூக்கினான். கேட்டுவிட்டது, சந்தேகமே இல்லை. மறுபடியும் தட்டினாள். அவன் கையை நீட்டி விளக்கின் திரியை இறக்கினான். மூன்றாவது தடவை தட்டினாள். அவன் அசையவில்லை. அவள் நெற்றியைக் கதவின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு தண்ணீரில் நடந்து திரும்பிப் போனாள். பெயர்கள் ஓடத் தொடங்கின.

டார்ச் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இதையா நான் சரி என்றேன். அவன் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்வேன் என்று, என் வாயாலேயே, அவளிடம். நீ வந்து தட்டினாலும் திறக்க மாட்டேன் என்றல்லவா போய்ச் சேர்ந்திருக்கிறது. அடப்பாவி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு எழுந்தார்.

வெளியே அதற்குள் விஷயம் கேன்டீனைத் தாண்டி மருந்துக்கடைக்குப் போயிருந்தது. தலைவர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து, ரெப் சொல்லச் சொல்லக் கேட்டுத் தொடையில் தட்டிக்கொண்டார். இப்போதுதான் இது படம், இந்த முடிவுக்காகக் குதிரையைக்கூட மன்னித்துவிடலாம் என்று கட்சி மாறிவிட்டார். லேப் பெண்ணோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் இப்படிப்பட்டவன் இல்லை, நான் பார்த்த வரைக்கும் போதும் என்று எதிர்க்கட்சிக்குப் போய்விட்டாள். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டார்ச்சுக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. அவர் போன் போட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ரெப்பிடம் போய், தம்பி, உன் போனைக் கொஞ்சம் கொடு என்று வாங்கிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே, பழைய போஸ்டர் சுருள்கள் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் போனார். தெரியாத நம்பர் என்றதும் இரண்டாவது மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள்.

"வெச்சிடாதே," என்றார் டார்ச். "நான்தான்."

அவள் வைக்கவில்லை. பின்னால் ஏதோ யந்திரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. இவர் ஒரே மூச்சில் கொட்டினார். கதவுப் பழக்கம், ஆபரேட்டர், அறுபத்தோரு காட்சி, ரெப். நான் பார்த்தது வேறு, நீ பார்த்தது வேறு, விளக்கு ஏற்றிவைத்துக் காத்துக்கொண்டிருந்ததைத்தான் நான் சரி என்றேன், தட்டியும் திறக்காததை இல்லை, சத்தியமாக எனக்கு அது தெரியவே தெரியாது என்றார். சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. இனி அவள் சிரித்துவிடுவாள் என்று நினைத்தார்.

அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அவர் நினைத்த சிரிப்பு இல்லை அது.

"அப்போ முழுசாப் பாக்காமலேயே சரின்னு சொல்லிட்டீங்க," என்றாள். "நான் பேசறதும் உங்களுக்கு எப்பவும் பாதிதான் வந்து சேரும். முடிக்கறதுக்குள்ள சரிதான்னு சொல்லிடுவீங்க."

இதற்கும் சரிதான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. டார்ச் பல்லைக் கடித்துக்கொண்டார். அப்புறம், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அவள் மனசில் இருப்பதைக் கேட்டார்.

"நீ எதுக்கு அன்னிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டே?"

யந்திரச் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது. அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடக்கிறாள் போல.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, ஒரு புதன்கிழமை," என்றாள். "தியேட்டர்ல வெள்ளையடிக்கறாங்க, உங்களுக்கு லீவுன்னு நீங்க போன்ல சொன்னீங்களே, அதான் வந்தேன். மத்தியானம் மூணு மணி இருக்கும். என் சாவியைப் போட்டுப் பாத்தேன், உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்துது. செருப்பு வாசல்ல இருந்துது. ஃபேன் ஓடற சத்தம் கேட்டுது. மூணு தடவை தட்டினேன்."

டார்ச் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"படத்துல அவ நின்னப்போ நானே நிக்கற மாதிரி இருந்துது. அதான் கேட்டேன்."

அந்தப் புதன்கிழமை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம். பனியனோடு கட்டிலில் படுத்திருந்தார். தட்டுகிற சத்தம் கேட்டது. மாடிவீட்டுக்காரர்தான், தண்ணீர்த் தொட்டி கழுவ ஒரு கை பிடிக்கக் கூப்பிட வந்திருப்பார் என்று நினைத்து, இருக்கிறது தெரியக் கூடாதே என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அவர் பாட்டுக்குப் படுத்திருந்தார். தட்டுவது நின்றதும் அப்பாடா என்று திரும்பிப் படுத்துத் தூங்கியும் போனார். தூங்கிவிட்டேன், கேட்கவில்லை என்று இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அவள் நம்பக்கூட நம்புவாள்.

"கேட்டுச்சு," என்றார். "மாடிவீட்டுக்காரர்னு நெனச்சேன். எழுந்திருக்கலை. நீயா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை."

"ஏன் தோணலை?"

"நீ வர மாட்டேன்னு நானே முடிவு பண்ணி வெச்சிருந்தேன் போலிருக்கு." குரல் உடைந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. "ஒரு கொரல் குடுத்திருக்கலாமே நீ."

"ஆறு மாசமா, எப்போ வரேன்னு ஒரு வார்த்தை கேக்காத மனுஷனை என்னன்னு கூப்பிடறது?"

டார்ச் போஸ்டர் சுருள்களின் மேல் உட்கார்ந்தார். மேலே மூன்று மணிக் காட்சிக்கு மணி அடித்தது. யாரோ டார்ச், டார்ச் என்று கூப்பிட்டார்கள். ஊரே கடைசி மூன்று நிமிஷத்தைப் பார்க்க வாசலில் திரண்டிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"துணிமணி எடுத்துக்கிட்டுப் போகலாம்னு வந்தியா?" என்று கேட்டார். எப்படியாவது அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால், இழந்தது கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று தோன்றியது.

"துணி எடுக்க வர்றவ எதுக்குங்க இங்க இருந்ததை எல்லாம் அடைச்சு ரெண்டு பெட்டியையும் தூக்கிக்கிட்டு வருவா?" என்றாள் அவள்.

அவள் கையில் இரண்டு பெட்டிகளும் இருந்திருக்கின்றன. எட்டு மாதமாக அவர் எதற்காக ஏங்கிக் கிடந்தாரோ அது வாசல்வரைக்கும் வந்து, மூன்று தடவை தட்டிவிட்டு, அந்தக் கனத்தையும் தூக்கிக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறி ஒன்பது மணி நேரம் திரும்பிப் போயிருக்கிறது. இவர் திரும்பிப் படுத்துத் தூங்கியிருக்கிறார். டார்ச் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அழாதீங்க என்று சொல்லவில்லை, வைக்கவும் இல்லை.

"இன்னிக்கு ராத்திரி பஸ்ஸுக்கு நான் கெளம்பி வரேன்," என்றார் கடைசியில். "வந்து தட்டறேன். தொறக்கறதும் தொறக்காததும் உன் இஷ்டம். நான் உக்காந்திருக்கேன்."

அவள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். டார்ச் நடுவில் புகுந்து எதுவும் பேசவில்லை. அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"அந்த பஸ் காலையில ஏழு மணிக்கு வரும்," என்றாள். "அக்கா அப்போதான் டூட்டி முடிச்சிட்டு வந்து படுப்பா. தட்டிக்கிட்டி அவளை எழுப்பிடாதீங்க."

"சரி, தட்டலை."

"கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும்."